முன்கூட்டியே சொன்ன நன்றி

பிஸ்கட் ஆலையை மூடி நாலு மாதம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லோருமே களைத்துப் போயிருந்தார்கள்.

வேலைக்குப் போகிறவர்கள் களைத்துப் போவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். வேலை இல்லாதவர் அதைவிட அதிகமாகக் களைத்துப் போவார் என்பதை வக்கீலம்மா தன் அப்பாவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

வக்கீலம்மாவுக்குப் பத்து வயது. யார் எதைச் சொன்னாலும் "அப்படின்னா..." என்று இழுத்து ஒரு கேள்வி கேட்பாள். அதனால் அப்பா வைத்த பெயர் அது. தெருவிலும் பள்ளியிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. வாய் உள்ள பிள்ளை பிழைக்கும் என்று அம்மாவும் விட்டுவிட்டார்.

அப்பா அந்த ஆலையில் அடுப்பின் கடைசி முனையில் நின்றவர். அந்த அடுப்பு ஒரு ரயில் பெட்டி நீளம் இருக்கும். ஒரு முனையில் மாவு வட்டங்கள் ஓடும் பட்டையில் ஏறி உள்ளே போகும். மறு முனையில் பிஸ்கட்டாக வெளியே வரும். நிறம் கூடினால் தீயைக் குறைக்க வேண்டும், வெளுத்திருந்தால் கூட்ட வேண்டும். ஒரு நிமிடம் கண் அசந்தால் ஒரு கூடை கரி. பதினாலு வருடம் அப்பா கண் அசராமல் நின்றார். பிறகு ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் வாசல் கதவில் பூட்டு தொங்கியது.

இப்போது அவர் தினமும் காலையில் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வேலை தேடப் போவார். மாலையில் சட்டையும் கசங்கி, அவரும் கசங்கித் திரும்புவார். போன இடத்திலெல்லாம் ஒரே பதில்தான். சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். இதுவரை ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை.

அம்மா ஒரு சலவை நிலையத்தில் ஓட்டல் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிக்கிறவர். முன்பு ஒரு ஷிப்டு போய்க்கொண்டிருந்தார். இப்போது இரண்டு ஷிப்டு. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய கால்களை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு, "அஞ்சு நிமிஷம் யாரும் என்கிட்ட பேசாதீங்க" என்பார். அந்த ஐந்து நிமிடத்துக்குள் தூங்கியும் போவார்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மாலையில் சாப்பிடும் முன் நாலு பேரும் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காரியத்துக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஒரு வாரத்துக்குள் சொன்னதையே திருப்பிச் சொல்லக் கூடாது. சோம்பேறித்தனமாக எல்லோரும் தினமும் சோற்றுக்கு மட்டுமே நன்றி சொல்லிக்கொண்டிருந்ததால் அம்மா போட்ட சட்டம் இது.

ஐந்து வயதுத் தங்கைக்கு இதில் சிரமமே இல்லை. உருண்டை என்று அவளைக் கூப்பிடுவார்கள். பல் ஆடுவதற்காக, முட்டைகோஸ் சமைக்காததற்காக, டீச்சருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதற்காக என்று அவள் அடுக்கிக்கொண்டே போவாள்.

அப்பாதான் நாலு மாதமாக ஒரே வார்த்தையைச் சொன்னார். "எல்லாத்துக்கும்."

"அப்பா, இதையேதான் நேத்தும் சொன்னீங்க. சட்டப்படி செல்லாது" என்று வக்கீலம்மா ஒருநாள் சொன்னாள். அப்பா சிரிக்க முயன்றார். சிரிப்பு பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவள் அந்த வழக்கை எடுக்கவே இல்லை.

*

அவர்கள் போகும் சபையின் வாசலில் ஒரு மேசை உண்டு. அதன்மேல் இரண்டு பெட்டிகள். ஒன்றில் விண்ணப்பச் சீட்டுகளைப் போடுவார்கள். இன்னொன்றில் நன்றிச் சீட்டுகள். ஆராதனை நடுவில் போதகர் இரண்டையும் திறந்து படித்து ஜெபம் செய்வார்.

விண்ணப்பப் பெட்டி எப்போதும் பிதுங்கி வழியும். எழுபது எண்பது சீட்டுகளைப் போதகர் ஒரே மூச்சில் படித்துத் தீர்ப்பார். கால் வலி, கடன் தொல்லை, பரீட்சை, மருமகள், மாமியார் எல்லாம் அதில் இருக்கும். நன்றிப் பெட்டியிலோ நாலைந்து சீட்டுகள்தான். அவற்றை அவர் நிறுத்தி நிதானமாகப் படிப்பார். ஒவ்வொன்றுக்கும் சபை முழுவதும் ஒரே குரலில் "ஸ்தோத்திரம்" என்று சொல்லும்.

அப்பாவுக்கு வேலை வேண்டும் என்று வக்கீலம்மா பதினைந்து ஞாயிற்றுக்கிழமை விண்ணப்பச் சீட்டு எழுதிப் போட்டுவிட்டாள். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இந்த அம்மி நகர்கிற வழியாகத் தெரியவில்லை.

பதினாறாவது ஞாயிறு. ஆராதனைக்கு முன் நடக்கும் பிள்ளைகள் வகுப்பில் சண்டே கிளாஸ் அக்கா சொன்னார்: "கிடைச்ச பிறகு நன்றி சொல்றதை எல்லாரும் செய்வாங்க. கிடைக்கிறதுக்கு முன்னாடியே சொல்றதுதான் விசுவாசம்."

வக்கீலம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்படின்னா..."

அக்கா அன்றுதான் காய்ச்சல் விட்டு எழுந்து வந்திருந்தார். வக்கீலம்மாவின் "அப்படின்னா" எவ்வளவு நீளம் போகும் என்று அவருக்குத் தெரியும். அடுத்த வாரம் கேட்கும்படி கும்பிடாத குறையாகச் சொல்லி வகுப்பை முடித்துவிட்டார்.

எனவே வக்கீலம்மா தானாகவே வாதாடித் தானாகவே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள். வேண்டும் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தால் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். நம்புகிறவர்கள் நேராக நன்றிப் பெட்டிக்குப் போய்விட வேண்டும். மேலும் அந்தப் பெட்டியில் கூட்டமும் இல்லை.

ஒரு சீட்டு எடுத்து எழுதினாள். 'என் அப்பாவுக்கு நல்ல வேலை கொடுத்ததற்காக ஆண்டவருக்கு நன்றி.' கீழே அப்பாவின் பெயரை எழுதினாள். நன்றிப் பெட்டியில் போட்டாள். பதினாறு வாரத்தில் முதன்முறையாக மனது லேசாக இருந்தது.

*

போதகர் அந்தச் சீட்டை எடுத்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். அப்பாவின் பெயர் வந்ததும் அவர் முகம் மலர்ந்தது. ஆலை மூடிய நாளிலிருந்து இந்தக் குடும்பத்துக்காக ஜெபித்து வந்ததையும் ஆண்டவர் பதில் கொடுத்துவிட்டதையும் அவரே இரண்டு வரி சேர்த்துச் சொன்னார்.

"ஸ்தோத்திரம்" என்று சபை முழங்கியது. நன்றிச் சீட்டுக்கு இவ்வளவு பலமான ஸ்தோத்திரத்தை வக்கீலம்மா கேட்டதே இல்லை.

அப்பா அசையாமல் உட்கார்ந்திருந்தார். அம்மா சட்டென்று திரும்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மாவுக்கு முகம் முழுக்கச் சிரிப்பு. கண்ணில் தண்ணீர். நாலு மாதமாக நெற்றியில் இருந்த சுருக்கம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

அம்மா ஏன் சிரிக்கிறார் என்று வக்கீலம்மாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. அம்மா இதை நம்பிவிட்டார். அப்பாவுக்கு உண்மையிலேயே வேலை கிடைத்து, சபையில் சொல்லலாம் என்று மறைத்து வைத்திருந்தார் என்று அம்மா நினைத்துவிட்டார்.

அப்பா மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் சீட்டு யார் எழுதியது என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. அவர் மறுபடியும் முன்னால் திரும்பிக்கொண்டார்.

ஆராதனை முடிந்ததும் எல்லோரும் அப்பாவைச் சூழ்ந்துகொண்டார்கள். கையைக் குலுக்கினார்கள், முதுகைத் தட்டினார்கள். சபைத் தையல்காரர் கட்டிப்பிடித்தே விட்டார். அப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இல்லையென்று சொன்னால் அடுத்த கேள்வி, சீட்டு எழுதியது யார் என்பதாக இருக்கும். அதனால் அவர் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

வக்கீலம்மா கூட்டத்துக்கு வெளியே வாசல்படியில் நின்றாள். பக்கத்தில் குடைக்காரர் நின்றிருந்தார். மழை, வெயில் இரண்டும் இல்லாத நாளிலும் குடையோடு வருபவர். பெரிய மருத்துவமனையில் சமையலறைக்குப் பொறுப்பாளர். அவர் தன் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தது தெளிவாகக் காதில் விழுந்தது.

"நல்லவேளை. நம்ம ரொட்டி அடுப்புக்கு ஆள் வேணும்னு இன்னைக்கு இவர்கிட்டதான் கேக்கலாம்னு இருந்தேன். அவருக்குக் கிடைச்சிருச்சே. பரவால்ல, நாளைக்கு வேற ஆளுக்குச் சொல்லிடறேன்."

அங்கிள், அது பொய் என்று சொல்ல வக்கீலம்மா வாயைத் திறந்தாள். ஊர்ப்பட்ட வழக்குக்கெல்லாம் வாதாடிய வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. குடைக்காரர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது.

*

பேருந்து நிறுத்தத்தில் அவர்கள் நாலு பேரும்தான் இருந்தார்கள்.

"ஏங்க, எப்போ கிடைச்சுது? என்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலையே" என்று அம்மா கேட்டார். அந்தக் குரலில் இன்னும் சிரிப்பு இருந்தது.

அப்பா தரையைப் பார்த்தார். "எனக்கு எங்கேயும் கிடைக்கல."

அம்மா அவரையே பார்த்தார்.

"நான்தான் எழுதினேன்" என்றாள் வக்கீலம்மா. சண்டே கிளாஸ் அக்கா சொன்னது, விண்ணப்பப் பெட்டியின் கூட்டம், தன் தீர்ப்பு எல்லாவற்றையும் திக்கித் திணறிச் சொன்னாள். அங்கே சரியாக இருந்த வாதம் இங்கே சொல்லும்போது ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது. இவ்வளவு நம்பிக்கையோடு சொன்னால் ஆண்டவர் கொடுத்துவிடுவார் என்றுதான் நினைத்ததாகச் சொல்லி முடித்தாள்.

அம்மா திட்டவில்லை. இருக்கையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் விரல்களைப் பிடித்துவிட்டுக்கொண்டார். நெற்றிச் சுருக்கம் திரும்பி வந்திருந்தது.

"ஒரு அரை மணி நேரம் நல்லா இருந்துச்சு" என்றார்.

அதைக் கேட்டதும் வக்கீலம்மாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அழுகையின் நடுவே குடைக்காரர் சொன்னதையும் சொல்லிவிட்டாள். இப்போதே ஓடினால் பிடித்துவிடலாம் என்று அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அப்பா அவள் கையைச் சட்டையிலிருந்து மெல்ல விடுவித்தார். "வேண்டாம், விடு. இப்ப நான் போய் நின்னா, சபையில படிச்சது பொய்யான்னு கேப்பாங்க. என் பொண்ணு பொய்ச் சீட்டு எழுதிப் போட்டான்னு நாலு பேர் பேசுவாங்க. அந்த வேலை எனக்கு வேண்டாம். நான் போகமாட்டேன்."

"அப்பா..."

"பஸ் வந்துருச்சு. ஏறு."

அப்பா தனக்காக ஒரு வேலையையே விட்டுக்கொடுக்கிறார் என்பது வக்கீலம்மாவுக்குப் புரிந்தது. அது அவளுக்குச் சந்தோஷம் தரவில்லை. வீடு வரும்வரை உருண்டை மட்டும்தான் பேசிக்கொண்டு வந்தாள்.

*

மறுநாள் பள்ளி விட்டதும் வக்கீலம்மா உருண்டையின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் வழியில் போகாமல் மருத்துவமனைப் பக்கம் திரும்பினாள்.

"அப்பா வேண்டாம்னு சொன்னாரே" என்றாள் உருண்டை.

"நான் போகமாட்டேன்னுதான் சொன்னார். நீ போகாதேன்னு சொல்லல" என்றாள் வக்கீலம்மா. வீட்டுக்குப் போனதும் இதற்கும் சேர்த்துத் திட்டு வாங்கத் தயாராகவே இருந்தாள்.

சமையலறை மருத்துவமனையின் பின்பக்கம் இருந்தது. உள்ளே ஒரே ஆவி. சக்கரம் வைத்த உயரமான அலமாரிகளில் தட்டுகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு தட்டிலும் ஒரு வண்ண அட்டை. உப்பு கூடாதவருக்கு நீலம், சர்க்கரைக்காரருக்கு மஞ்சள், மெல்ல முடியாதவருக்கு வெள்ளை. குடைக்காரர் ஒவ்வொரு அட்டையையும் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். குடை ஆணியில் தொங்கியது. குடை இல்லாமல் பார்க்க அவர் யாரோ போல இருந்தார்.

இந்த முறை வக்கீலம்மா யோசிக்கவே இல்லை. யோசித்தால் வாய் மறுபடியும் ஒட்டிக்கொள்ளும்.

"அங்கிள், எங்கப்பாவுக்கு வேலை கிடைக்கல. அந்தச் சீட்டை நான் எழுதினேன். முன்கூட்டியே நன்றி சொன்னேன். அப்பாவுக்குத் தெரியாது. அவர் பொய் சொல்லல."

குடைக்காரர் கையிலிருந்த மஞ்சள் அட்டையைக் கீழே வைத்தார். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். உருண்டை முந்திக்கொண்டு அதில் உட்கார்ந்தாள்.

"காலையிலதான்மா ஒருத்தரைச் சேர்த்தேன்" என்றார். "நேத்தே சொல்லியிருந்தா உங்கப்பாதான். என் மனசுல முதல் பேர் அவர்தான் இருந்தார்."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனதே, அதுவும் தன்னால் போனதே என்று வக்கீலம்மா நினைத்தாள். அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அக்கா அழப்போறா" என்று உருண்டை அறிவித்தாள்.

குடைக்காரர் தலையைச் சொறிந்தார். சேர்ந்தவரும் அதே பிஸ்கட் ஆலையில் மாவு பிசைந்தவர்தான் என்றும், இன்று வேலை கொடுத்துவிட்டு நாளை போகச் சொல்ல முடியாது என்றும் வருத்தத்தோடு சொன்னார்.

"அவரைப் போகச் சொல்லாதீங்க. நான் வேலை கேட்டு வரல. அப்பா பொய்க்காரர் இல்லன்னு சொல்லத்தான் வந்தேன்" என்றாள் வக்கீலம்மா.

"இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் நடந்து வந்தீங்க?"

"எனக்குக் கால் வலிக்குது" என்றாள் உருண்டை.

குடைக்காரர் இருவருக்கும் ஆளுக்கொரு சூடான பன் கொடுத்தார். மேல்மாடியில் புது வார்டு கட்டுகிறார்கள் என்றும், அது திறந்தால் அடுப்புக்கு இன்னொரு ஆள் தேவைப்படும் என்றும் சொன்னார். எப்போது திறக்கும் என்று தெரியாது. திறக்குமா என்பதும் தெரியாது. "அதனால வாக்குக் கொடுக்க மாட்டேன். உங்கப்பா பேரை மட்டும் எழுதி வச்சுக்கறேன்" என்றார்.

*

அன்று மாலை வக்கீலம்மா எல்லாவற்றையும் வீட்டில் சொன்னாள். அவள் விட்டதை உருண்டை சொன்னாள், பன் உட்பட. கேட்காமல் போனதற்கு அம்மா இரண்டு வார்த்தை திட்டினார். மூன்றாவது வார்த்தைக்கு அவரிடம் தெம்பு இல்லை.

அப்பா ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டார். "மாவுக்காரனா? நிச்சயமா அவனா?"

மாவுக்காரரும் அப்பாவும் பதினாலு வருடம் ஒரே அடுப்பின் இரண்டு முனைகளில் நின்றவர்கள். பிஸ்கட் நொறுங்கினால் தீ சரியில்லை என்பார் அவர். மாவு சரியில்லை என்பார் அப்பா. அந்தச் சண்டை கடைசி நாள்வரை தீரவில்லை.

நன்றி சொல்லும் நேரம் வந்தது. உருண்டை பன்னுக்குச் சொன்னாள். அம்மா மின்விசிறிக்குச் சொன்னார். வக்கீலம்மாவுக்கு எதுவும் வரவில்லை. அவளை யாரும் வற்புறுத்தவில்லை.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். 'எல்லாத்துக்கும்' என்ற அந்த ஒற்றை வார்த்தைக்கு எல்லோரும் காத்திருந்தார்கள்.

"மாவுக்காரனுக்கு வேலை கிடைச்சதுக்காக நன்றி ஆண்டவரே" என்றார் அப்பா. "அவன் வீட்டுல மூணு பிள்ளைங்க. போன மாசம் தெருவுல பார்த்தப்போ பாதியா இளைச்சிருந்தான். பார்த்தும் பார்க்காத மாதிரி வந்துட்டேன். ஒரு வார்த்தைகூடக் கேக்கல."

அம்மா தூங்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நமக்கு?" என்று மெல்லக் கேட்டார்.

"தெரியல" என்றார் அப்பா. "எனக்குத் தெரியல."

சாப்பிட்டார்கள். அப்பா அன்று இரண்டாவது முறை சோறு வாங்கிக்கொண்டார். வக்கீலம்மா அதைக் கவனித்தாள்.

*

இத்தோடு முடிந்தது என்றுதான் வக்கீலம்மா நினைத்தாள். புதன்கிழமை அப்பாவோடு கடைத்தெருவுக்குப் போனபோது எதிரே சபைத் தையல்காரர் வந்தார். அப்பா அவளை இழுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குள் நுழைந்துவிட்டார். அது பிளாஸ்டிக் சாமான் கடை. பத்து நிமிடம் அவர் குழந்தைகளைக் குளிப்பாட்டும் ஒரு தொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைக்காரர் எத்தனை மாதக் குழந்தை என்று விசாரித்தார்.

முதலில் வக்கீலம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அப்பாவின் காதைப் பார்த்தாள். காது சிவந்திருந்தது. எந்த வேலை, எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று தையல்காரர் கேட்டால் அப்பா என்ன சொல்வார்? பதினாலு வருடம் நிமிர்ந்து நின்ற மனுஷர் ஒரு தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தார். குடைக்காரருக்குத் தெரிந்தால் போதுமா? ஸ்தோத்திரம் சொன்ன அத்தனை பேருக்கும் தெரிய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவள் சீக்கிரமே சபைக்குப் போய் ஒரு சீட்டு எழுதினாள். எழுதி முடித்துவிட்டு இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். இது விண்ணப்பமும் இல்லை, நன்றியும் இல்லை. இதற்கென்று அங்கே ஒரு பெட்டி இல்லை. நேராகப் போதகரிடமே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

போதகர் படித்தார். மறுபடியும் படித்தார். "இதை நான் படிக்கவா, நீ படிக்கிறியா?" என்று கேட்டார்.

"நான்தானே பாஸ்டர் எழுதினேன்" என்றாள் வக்கீலம்மா.

சீட்டுகள் படிக்கும் நேரம் வந்தபோது அவள் முன்னால் போய் நின்றாள். சீட்டை விரித்துப் பிடித்துக்கொண்டாள். அப்பா பாதி எழுந்துவிட்டார். அம்மா அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"போன வாரம் எங்கப்பாவுக்கு வேலை கிடைச்சதுன்னு நான் நன்றிச் சீட்டு போட்டேன். அது இன்னும் நடக்கல. அப்பாவுக்கு அது தெரியாது. நான் அவசரப்பட்டுட்டேன். எல்லாரும் என்னை மன்னிச்சிருங்க."

யாரோ இருமினார்கள். தையல்காரர் வாயைப் பிளந்தபடி அப்பாவைப் பார்த்தார். குடைக்காரர் குடையின் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் புதிதாக வந்திருந்த மாவுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

இப்படி ஒரு சீட்டு போதகர் கைக்கு இதுவரை வந்ததில்லை. கொஞ்சம் குனிந்து, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப் போல அவளிடம் கேட்டார். "அப்போ அந்த நன்றியைத் திருப்பி எடுத்துக்கலாமாம்மா?"

இந்தக் கேள்வியை வக்கீலம்மா எதிர்பார்க்கவில்லை. இதற்கு அவளிடம் வாதம் எதுவும் தயாராக இல்லை. அம்மாவைப் பார்த்தாள். வீங்கிய கால்களோடு அம்மா வந்து உட்கார்ந்திருந்தார். அப்பாவைப் பார்த்தாள். நாளைக் காலை தேய்த்த சட்டையோடு அவர் மறுபடியும் கிளம்புவார். எங்கே போவார், என்ன சொல்வார்கள், புது வார்டு திறக்குமா என்று ஒன்றும் தெரியாது. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கொடுத்த நன்றியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக அவளுக்கு மனம் வரவில்லை.

"வேண்டாம் பாஸ்டர்" என்றாள். "அது ஆண்டவர்கிட்டயே இருக்கட்டும்."

யாரும் எதுவும் சொல்லும் முன்பே "ஸ்தோத்திரம்" என்று ஒரு குரல் தனியாகக் கேட்டது. அது அப்பாவின் குரல்.